கோட்டைமேல் கேட்ட பாகம்

மகளிர் குழு ஆரம்பித்து மூன்று வருஷமாகியும் ஒரு ஊருக்கும் கூட்டிக்கொண்டு போகவில்லையே என்ற குறை எல்லோருக்கும் இருந்தது. சுனாமிக்கு முந்தைய வருஷம் மார்கழியில்தான் அதற்கு வேளை வந்தது. வெங்காயம் பிடுங்கியாகிவிட்டது. பருத்தி வெடிக்க இன்னும் நாள் இருந்தது. குன்னத்துக்குப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பெண்கள் இடுப்பை நிமிர்த்துவது அந்த இடைவெளியில்தான்.

குழுத் தலைவி வேணி பன்னிரண்டாவது வரை படித்தவள். எதையும் கை தூக்கச் சொல்லித்தான் முடிவு செய்வாள். சமயபுரம் என்றாள் ஒருத்தி. மேல்மருவத்தூர் என்றாள் இன்னொருத்தி. கைகள் மடமடவென்று எழுந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக இறங்கின. மூலையில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்கள்.

அவள் புருஷன் சின்னதுரை செத்து எட்டு மாதம். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும்வரை கோயில் படி மிதிக்கக்கூடாது. ஆகவே, "எனக்கென்ன, நீங்க போயிட்டு வாங்க" என்று அவளே சொல்லிவிடுவாள், நல்ல பெயரும் வாங்கிக்கொள்வாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பச்சையம்மாளுக்கு நல்ல பெயரில் அவ்வளவு ஆசை கிடையாது.

"கோயிலுக்குத்தான வரக்கூடாது? கோயிலு வேணாம். கடலுக்குப் போவோம். நாப்பது வயசாவுது, நான் இன்னும் கடலப் பாத்ததில்ல," என்றாள்.

கூட்டத்தில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. அதை இதுவரை வாய்விட்டுச் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேணி உடனே தரங்கம்பாடி என்றாள். கப்பலில் வந்த டென்மார்க்குக்காரர்கள் கட்டின கோட்டை, ஏறக்குறைய நானூறு வருஷமாகக் கடலுக்கு நேரே நிற்கிறது, மேலே ஏறி நின்றால் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று படித்ததையும் கேட்டதையும் கலந்து அளந்துவிட்டாள். எல்லோரும் ரத்தினம்மாளைப் பார்த்தார்கள்.

ரத்தினம்மாள் பச்சையம்மாளின் ஓரகத்தி. சின்னதுரையின் அண்ணன் முத்துசாமியின் மனைவி. புருஷனைப் பறிகொடுத்தவள் வருஷத்துக்குள்ளே ஊர் சுற்றக் கிளம்புவதா என்று அவள் ஒரு சத்தம் போட்டால் போதும், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் ரத்தினம்மாள்தான் முதலில் கையைத் தூக்கினாள். "கோட்டைக்குத்தான, போலாம். நானும் வரேன்," என்றாள்.

பச்சையம்மாளுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம் வந்தது. இந்த அக்கா சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை.

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு காடு இருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான, கிணற்றோடு சேர்ந்த கரிசல் காடு, பாகம் பிரிக்காதது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பச்சையம்மாள் தன் பாதியைப் பிரித்துக் கேட்டாள். அவளுக்கு ஒரே மகள், சத்யா, ஒன்பதாவது படிக்கிறாள். முத்துசாமி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "நம்பளுது ஒரே வூடு, ஒரே அடுப்பு. இதுல என்னம்மா பாகம்?" என்று அன்பாகக் கேட்டார். பொட்டைப்பிள்ளை பேருக்குப் போகிற காடு நாளைக்கு எவன் வீட்டுக்கோ போய்விடும் என்பதுதான் அந்த அன்புக்குள் இருந்த விஷயம்.

ஆடியில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு ஊர்க்காரர்கள் வந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு. இவர்கள் ஒன்றா இரண்டா என்று கேட்டதற்கு முத்துசாமி வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொன்னார். "ஒண்ணுதான். எந்தம்பி செத்துட்டான்னு வூடு பிரிஞ்சிருமா? தீட்டும் எங்களுக்கு ஒண்ணுதான். வருசம் திரும்புற வரைக்கும் என் வூட்டுல ஒருத்தரும் கோயில் படி மிதிக்க மாட்டோம்."

ஊர் உருகிவிட்டது. இப்படியும் ஒரு அண்ணனா என்று மெச்சிக்கொண்டு போனது. உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த பச்சையம்மாளுக்குப் பானையைத் தூக்கி வாசலில் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. அண்ணன் காத்தது தம்பியின் தீட்டை அல்ல, தம்பியின் காட்டை என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

வேன் விடிகிற நேரத்துக்கு வந்தது. டிரைவர் அமாவாசை அரியலூர்க்காரன். அவனுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் பச்சையம்மாள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கடலை முதலில் பார்க்கிற ஆள் தானாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"பச்சையம்மா, பின்னால வந்துரு. கெளம்புற நேரத்துல நீ மொத ஆளா உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் ரத்தினம்மாள்.

பச்சையம்மாள் திரும்பவே இல்லை. அமாவாசைதான் திரும்பினான். "எம்பேரே அமாவாச. வண்டி ஓட்டப்போறவனே அமாவாச. இதுக்கு மேலயும் சகுனம் பாக்குறதுன்னா நீங்க நடந்துதாங்க வரணும்," என்றான். வேனே சிரித்தது. ரத்தினம்மாள் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டாள்.

ஜெயங்கொண்டம் தாண்டி, அணைக்கரைப் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடந்து, கும்பகோணத்தில் காலைப் பலகாரத்துக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் இட்லியை ஒரு கை பார்த்தார்கள். ரத்தினம்மாள் டீ கூடக் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றாள். மடியில் ஒரு ஒயர் கூடையை, மேலே துண்டு போட்டு மூடி, இறக்கிவைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். வயிறு சரியில்லாதவள் முகம் இவ்வளவு தெளிவாகவா இருக்கும் என்று பச்சையம்மாள் நினைத்தாள். அப்புறம் மாயவரம் வந்தது, காற்றில் உப்பு ஏறியது, அவளும் அதை மறந்துபோனாள்.

தரங்கம்பாடித் தெரு முடிகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது. அது தண்ணீர் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"இம்புட்டா?" என்றாள்.

"இதுக்கு அந்தாண்டயும் இருக்குங்க," என்றான் அமாவாசை.

கோட்டை அவள் நினைத்த அளவுக்கு உயரமில்லை. ஆனால் அகலமாக, அசைக்க முடியாததாக, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கீழே குதிரை கட்டின இடம், சரக்கு அடுக்கின அறை, ஆளை அடைத்துவைத்த அறை. எல்லாவற்றிலும் வௌவால் நாற்றம். பலகைகளில் இருந்ததை வேணி உரக்கப் படித்தாள். தஞ்சாவூர் ராஜாவிடம் இடம் கேட்டு வாங்கித்தான் அவர்கள் கட்டினார்களாம். மிளகு ஏற்றிக்கொண்டு போக வந்தவர்களாம்.

"எங்கேருந்தோ கப்பல்ல வந்தவன் கேட்டான், மதிலு கட்ட எடம் குடுத்தாங்க. வாக்கப்பட்டு வந்து இருவது வருசமா களை வெட்டுறவ கேக்குறா, ஒரு வரப்பு இல்ல," என்றாள் பச்சையம்மாள்.

பெண்கள் சிரித்தார்கள். ரத்தினம்மாள் பின்னாலேயே நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்கள்.

மேல்தளத்தில் காற்று ஆளைத் தள்ளியது. மதிலோரமாகப் பீரங்கிகள் வரிசையாகக் கடலைக் குறிபார்த்து நின்றன. பச்சையம்மாள் ஒன்றின்மேல் கையை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தாள். அலை வந்துகொண்டே இருந்தது. யாரும் வரச் சொல்லவில்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை. புடவைத் தலைப்பு பறந்து முகத்தில் அடித்தது. அவள் அதை இழுத்துச் செருகவில்லை. திடீரென்று சத்தமாகச் சிரித்துவிட்டாள். எட்டு மாதமாகச் சிரிக்காத சிரிப்பு. சிரித்ததற்காக வெட்கப்படவேண்டுமோ என்று ஒரு கணம் யோசித்தாள். படமுடியாது என்று முடிவு செய்தாள்.

"அதோ பாருங்க, சிவன் கோயிலு," என்றாள் ரத்தினம்மாள், அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல.

கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில், ஒரு பழைய கோயில் இருந்தது. முன்பாதியைக் கடல் தின்றுவிட்டது. மீதியில் சாமி இருந்தார்.

"நட சாத்துறதுக்குள்ள ஒரு அர்ச்சன பண்ணிட்டு வந்துருவோம், எல்லாரும் வாங்க. பச்சையம்மா இங்கனயே இருக்கட்டும், பையெல்லாம் பாத்துக்கிட்டு."

அவள் கூடையின் மேலிருந்த துண்டை எடுத்தாள். தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், சாமிக்கு ஒரு மாலை. முதலில் தூக்கின கையும் சாப்பிடாத இட்லியும் எதற்கு என்று பச்சையம்மாளுக்கு அப்போது விளங்கியது. அதுகூடப் பரவாயில்லை. பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கோயில் வேண்டாம் என்று தேடி வந்த இடத்திலும் அவளுக்குப் பைக்காவல்தானா?

"நீங்க எப்புடிக்கா போவீங்க?" என்றாள்.

"ஏன், எனக்கென்ன?"

"தீட்டு இருக்கே."

"அது உனக்குடி. எனக்கு அது பதினாறாம் நாளோட போச்சு."

எல்லோரும் சொல்கிற பேச்சுத்தான். அதனால் அது அவள் வாயிலிருந்து சுலபமாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

பச்சையம்மாள் பீரங்கியை விட்டு நிமிர்ந்தாள். "பதினாறோட போறது தனி அடுப்பு வெச்சிருக்கற பங்காளிங்களுக்கு. ஒரே வூடா இருக்கறவங்களுக்கு வருசம். ஆடியில மாமா வாசல்ல நின்னு சொன்னாரே. ஒரே தலக்கட்டு, ஒரே தீட்டுன்னு. ஊரே கேட்டுச்சே, நீங்க கேக்கலியா?"

"அவுரு என்னமோ சொன்னாரு. ஆம்பள பேச்சு. அதப் போயி இங்க..."

"அவுரு சொன்னது நெசம்னா உங்களுக்கும் தீட்டு இருக்கு. நீங்க சொன்னது நெசம்னா வூடு ரெண்டு. இதுல எது நெசம்க்கா?"

பெண்களில் ஒருத்தி பச்சையம்மாளின் முழங்கையைத் தொட்டு, "விட்டுடுடி, சாமி காரியம்," என்றாள். பச்சையம்மாள் கையை உதறினாள்.

ரத்தினம்மாளின் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பு இல்லை என்பது பச்சையம்மாளுக்குத் தெரியும். நடிக்கும்போது அந்த அக்கா இன்னும் நன்றாக அழுவாள். "அனிதாவுக்குடி. அலை அடிக்கிற சிவன் கோயில்ல, தை பொறக்கறதுக்குள்ள, பெத்தவ வெறும் வயித்தோட போயி அர்ச்சன பண்ணணும்னு ஜோசியர் சொல்லிட்டாரு. இருவத்தாறு ஆவுது அதுக்கு. வர்றவனெல்லாம் காப்பி குடிச்சுட்டுப் போறான். நான் வேற என்னதான் பண்ணுவேன்?"

அனிதாவுக்குச் சின்ன வயதில் தலைவாரிப் பின்னிவிட்டவள் பச்சையம்மாள்தான். அந்தப் பெண் சித்தி சித்தி என்று இன்னமும் அவள் பின்னால்தான் சுற்றும். விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் எட்டு மாதம் ஓடியிருக்கிறது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"அனிதா எனக்கும் மகதான்க்கா. போங்க. நான் மறிக்கல. ஆனா போறதுன்னா வேற வூட்டுக்காரியாப் போங்க. ஒரே வூட்டுக்காரின்னா எம்பக்கத்துல உக்காருங்க, ரெண்டு பேரும் சேந்தே பையப் பாத்துக்குவோம். அங்க தீட்டு இல்ல, இங்க பாகம் இல்லன்னு ரெண்டையும் நீங்களே வெச்சுக்க முடியாது."

"கோயிலுக்குப் போறவளப் புடிச்சு நிறுத்திப் பாகம் கேக்குறியே, நீ பொம்பளதானா?"

"வூட்டுல கேட்டேன், வூட்டுக்குள்ளயே அமுக்கிட்டீங்க. இங்க கேட்டா இத்தன பேரு காதுல விழுவுது."

ரத்தினம்மாள் வேணியைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. வேணி வழக்கமாக எதற்கும் கை தூக்கச் சொல்கிறவள். இதற்குச் சொல்லவில்லை. "பச்சையம்மாக்கா கேக்குறது நாயந்தாங்க," என்று மட்டும் சொன்னாள். வார்த்தை தெளிவாகவே விழுந்தது.

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரத்தினம்மாள் படி இறங்கினாள். யாரும் கூடப் போகவில்லை. போனால் ஒரு பக்கம் சேர்ந்ததாகிவிடும். எல்லோரும் மதிலோரம் வந்து குனிந்து நின்றுகொண்டார்கள். கோட்டை வாசலைத் தாண்டி அவள் மணலில் நடப்பது தெரிந்தது. காற்றுக்கு எதிராகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். வெறும் வயிறு, ஐம்பது வயதுக்கு மேல், நடை தள்ளாடியது.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினாள். அப்புறம் நின்றுவிட்டாள். திரும்பிக் கோட்டையைப் பார்த்தாள். அந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை.

பச்சையம்மாள் மதிலுக்கு மேலாக இன்னும் எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்விட வேண்டும், போனால்தான் காடு. அதே சமயம், போகாமல் திரும்பி வந்து, எக்கேடோ கெடட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட மாட்டாளா என்றும் மனசில் ஒரு மூலை ஆசைப்பட்டது. இருபது வருஷம் ஒரே அடுப்பில் ஊதியவர்கள். அந்த ஆசைமேல் அவளுக்கே கோபம் வந்தது. பீரங்கியின் இரும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தினம்மாள் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே போனாள்.

"போயிட்டாங்க," என்றாள் வேணி, மூச்சை விட்டு. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு மாதமாக எதைக் கேட்டாலும் அது அவர்கள் வீட்டு விஷயம் என்று ஒதுங்கினவர்கள்தான். இப்போது கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. இனிமேல் ஊர்க்கூட்டத்தில் யார் கேட்டாலும் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. பச்சையம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

ரத்தினம்மாள் திரும்பி வர வெகுநேரம் ஆகவில்லை. நெற்றி நிறைய விபூதி. மூச்சு வாங்கப் படியேறி வந்து, உடைத்த தேங்காயைச் சில்லுச் சில்லாகக் கீறி எல்லோருக்கும் கொடுத்தாள். பச்சையம்மாளிடம் வந்தபோது கை தயங்கியது. பச்சையம்மாள் தானாகவே கூடைக்குள் கையை விட்டு ஒரு சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ரத்தினம்மாள் எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு, கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அந்த ஆளு என்னய வெட்டுனாலும் சரி, நானே சொல்லிக்கறேன். தை பொறந்ததும் அளந்துக்க. கெணத்துப் பக்கம் எங்களுக்கு. உனக்கு ஓடைப் பக்கம்."

இவ்வளவு சீக்கிரம் பேரத்துக்கு வந்துவிட்டாளே என்று ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

பச்சையம்மாள் தேங்காயை நிதானமாக மென்று விழுங்கினாள். "வரப்பு கெணத்து நடுவுல போவும்க்கா. கெணறு பொது. மொற வெச்சு எறச்சுக்குவோம். மொத மொற எனக்கு."

"அது என்னடி மொத மொற உனக்கு? பெரியவரு பாகம் இருக்கறப்ப?"

"அந்த மோட்டாருல கரண்டு அடிச்சுத்தான எங்க வூட்டுக்காரரு செத்தாரு. அன்னிக்கி யாரு மொறைக்குத் தண்ணி எறைக்கப் போனாருக்கா?"

ரத்தினம்மாள் வாயைத் திறந்தாள். அன்றைக்கு முத்துசாமிக்குக் காய்ச்சல். அண்ணன் நட்ட வெங்காயம் காய்கிறதே என்று தம்பி போனான். அவள்தான் வாசலில் நின்று, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று சொல்லியனுப்பினவள். திறந்த வாயை மூடிக்கொண்டு, கூடையிலிருந்து இன்னொரு சில்லை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"உனக்குத்தாண்டி," என்றாள் கடைசியில்.